உள்ளே ஈயம் இருக்கிறதா?

பித்தளைப் பாத்திரத்தில் சமைத்துப் பழகிய பெண்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். பாத்திரத்தின் வெளிப்புறத்தைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பலால் துலக்கி, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வைத்துவிடலாம். அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கிற நாத்தனார்கூட, "அடேயப்பா!" என்று மெச்சிக்கொள்வாள். ஆனால் உட்புறத்தில் ஈயம் போயிருந்தால் என்ன ஆகும்? காலையில் வைத்த ரசத்தை மத்தியானம் வாயில் வைக்க முடியாது. களிம்பு ஏறிக் கசந்துவிடும். வெளியே இருக்கிற பளபளப்பு அந்த ரசத்தைக் காப்பாற்றாது.

அந்தக் காலத்தில் ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். மண்ணில் சிறு குழி தோண்டிக் கரியைப் போட்டுத் துருத்தியால் ஊதுவார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை உருகவிட்டுத் துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். பாத்திரத்துக்குள் நிலா உதித்த மாதிரி இருக்கும். அவர் ஒருநாளும் வெளிப்புறத்தில் ஈயம் பூசியதில்லை. பூசச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது எவர்சில்வர் வந்து வெகு காலம் ஆயிற்று. ஈயம் பூசுகிறவரைக் காண்பது அபூர்வம். ஆனால் வெளியே துலக்கி உள்ளே விட்டுவிடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. சமையலறையை விட்டுக் கிளம்பி, பூஜை அறையிலும் பிரார்த்தனைக் கூடத்திலும் குடியேறிவிட்டது!

இயேசுநாதர் தம் காலத்துப் பக்திமான்களைக் கண்டித்தபோது இதே சமையலறை விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டார். கிண்ணத்தையும் தட்டையும் வெளியே கழுவுகிறீர்களே, உள்ளே பேராசை நிறைந்திருக்கிறதே என்று கேட்டார். முதலில் உட்புறத்தைச் சுத்தம் செய்தால் வெளிப்புறமும் சுத்தமாகும் என்பது அவர் காட்டிய வழி. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 23-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழங்கும் சொற்களில் ‘மனந்திரும்புதல்’ என்று ஒன்று உண்டு. அழகான சொல். மதம் மாறுவது வேறு, மனம் திரும்புவது வேறு. மதத்துக்கும் மனத்துக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்தைத் தாண்டுவதற்குச் சிலருக்கு ஆயுள் முழுவதும் போதுவதில்லை. மதம் மாறினால் பெயரை மாற்றலாம், பதிவேட்டில் எழுதலாம், நாள் குறித்து வைக்கலாம். மனம் திரும்பியதற்குப் பதிவேடு எங்கே இருக்கிறது? யார் சாட்சிக் கையெழுத்துப் போடுவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். நம் திருச்சிராப்பள்ளியில், மலைக்கோட்டையின் நிழலில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. துணிமணி வாங்கவும் பாத்திரம் வாங்கவும் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். கடைச் சந்தடிக்கு நடுவே ஒரு பழைய மாதாகோவில் நிற்கிறதே, பார்த்ததுண்டா? கிறிஸ்து ஆலயம் என்று அதற்குப் பெயர். 1766-ஆம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதைக் கட்டுவித்தவர் ஜெர்மன் தேசத்திலிருந்து வந்த கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். நம் ஜனங்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றே அழைத்தார்கள்.

★

சுவார்ட்ஸ் 1762-ல் திருச்சிக்கு வந்தார். அப்போது இந்த ஊர்க்காரர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்றால் யார் தெரியுமா? பெரும்பாலும் சிப்பாய்கள்தான். பத்து வருஷங்களுக்கு முன்னால், 1752-ல், பிரெஞ்சுப் பட்டாளம் ஸ்ரீரங்கம் தீவில் தங்கி, அரங்கன் கோவில் மதில்களுக்குள்ளேயே முகாம் போட்டிருந்தது. ஆங்கிலேயப் பட்டாளம் சூழ்ந்துகொண்டது. அந்த ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். இரண்டு பக்கத்திலும் ஐரோப்பியர்கள். இரண்டு பக்கத்தாரும் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள்தான். பெருமாள் சந்நிதியின் பிராகாரங்களில் துப்பாக்கியும் கூடாரமுமாக அவர்களைப் பார்த்த ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் அந்த மதத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொண்டிருப்பார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சுவார்ட்ஸின் வாழ்க்கையை எழுதியவர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் அவர் ஒரு நட்டுவனாரையும் அவரிடம் நாட்டியம் கற்கும் பெண்ணையும் சந்தித்தார். பரிசுத்தம் இல்லாத யாரும் மோட்சத்துக்குள் நுழைய முடியாது என்று உபதேசம் செய்தார். அந்தப் பெண் சட்டென்று, "ஐயோ, அப்படியானால் வெள்ளைக்காரர்களில் அநேகமாக ஒருவர்கூட உள்ளே போக முடியாதே, சுவாமி!" என்கிற கருத்தில் பதில் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டாள்.

எத்தனை கூர்மையான பதில் பாருங்கள்! படிப்பு என்ன, பட்டம் என்ன! அவள் வேதாந்த விசாரம் செய்யவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னாள். குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறவன், வாங்கின பொருளுக்குக் காசு கொடுக்காதவன், ஏழை எளியவரை அடிக்கிறவன் தன்னைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டால், அந்தச் சொல்லுக்கு அவள் கொடுத்த விலை அவ்வளவுதான். இதற்கு வாயால் மறுமொழி சொல்ல முடியாது. வாழ்ந்துதான் காட்ட வேண்டும். சுவார்ட்ஸ் செய்தது அதுதான்.

★

அவர் படித்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர். அங்கே பிராங்கே என்ற பெரியவர் ஓர் அநாதை விடுதியும் பள்ளிக்கூடங்களும் நடத்தினார். இந்தப் பிராங்கே இளைஞராக இருந்தபோது, 1687-ல், லூனெபர்க் என்ற ஊரில் ஒரு பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டார். விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டும். எழுத உட்கார்ந்தவருக்குத் திடீரென்று ஒரு திகில்: தாம் விவரிக்கப் போகும் அந்த விசுவாசம் தம்மிடமே இல்லை! சாஸ்திரம் படித்தாயிற்று, மொழிகள் கற்றாயிற்று, பேரும் வாங்கியாயிற்று. உள்ளே மட்டும் சூனியம். அவர் மண்டியிட்டு அழுதார், பிரார்த்தித்தார். அதற்குப் பிறகுதான் தமக்கு உண்மையான விசுவாசம் பிறந்தது என்று சொன்னார்.

பிறக்கும்போதே கிறிஸ்தவராகப் பிறந்தவர், கிறிஸ்தவத்தைப் போதிக்கப் போகிறவர். அவரே மனந்திரும்ப வேண்டியிருந்தது! ஆகையால் மனமாற்றம் என்பது வேறு மதத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் எழுதி வைத்த மருந்துச் சீட்டு அல்ல. ஹாலே நகரத்துப் பக்தர்கள் இதை அழுத்தமாகச் சொன்னார்கள். அந்த மரபில் வளர்ந்த சுவார்ட்ஸ், ஹாலேயிலேயே தமிழும் கற்கத் தொடங்கி, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்.

திருச்சியில் அவர் குடியிருந்த இடத்தைப் பற்றி அவரை நேரில் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலும் அவரும் இருக்கத்தான் இடம். நல்ல உயரமான மனிதர் நிமிர்ந்து நிற்க முடியாது. சோறும் காய்கறியும் ஆகாரம். பின்னாளில் பட்டாளத்துக்கும் போதகராக இருந்ததற்காகக் கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. அதில் பெரும் பங்கு சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதையான குழந்தைகளுக்காகப் பணம் திரட்டினார்.

1779-ல் ஒரு விசேஷம் நடந்தது. மைசூர் ஹைதர் அலியிடம் தூது போக ஆள் வேண்டியிருந்தது. கம்பெனியார் ஒரு மதிப்புள்ள மனிதரைத் தேடினார்கள். கம்பெனிக்காரர்களின் பேச்சை ஹைதர் நம்புவதாக இல்லை. ஆனால் சுவார்ட்ஸை நம்பினார், அவர் தம்மை ஏமாற்ற மாட்டார் என்று. முஸ்லிம் அரசர் ஒருவர், கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவருக்குக் கொடுத்த நற்சான்றுப் பத்திரம் இது! சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்த் திரும்பினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். வேண்டாம் என்றும் கேட்கவில்லை. சுவார்ட்ஸ் அந்தப் பணத்தை அப்படியே கம்பெனி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு, தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை மூலதனமாக்கினார்.

தூது பலிக்கவில்லை. மறு வருஷமே யுத்தம் மூண்டது. நாடு முழுவதும் குதிரைப் படை ஓடிற்று. ஆனாலும் சுவார்ட்ஸ் பாதிரியார் எங்கே போனாலும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஹைதர் தம் படைத்தலைவர்களுக்கு உத்தரவு போட்டார்.

அந்த யுத்தத்தின்போது தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை. ஜனங்கள் தெருவிலே செத்து விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. அதை ஏற்றி வர மாடுகள் இல்லை. மாட்டுக்காரர்கள் ஏன் வரவில்லை? முன்பு பலமுறை நெல்லையும் மாட்டையும் பறிகொடுத்துவிட்டு, காசு கிடைக்காமல் போனவர்கள் அவர்கள். ராஜா வாக்குக் கொடுத்தார்; கம்பெனி அதிகாரிகள் வாக்குக் கொடுத்தார்கள். ஒரு மாடுகூட வரவில்லை! கடைசியில், "என் கையால் நானே காசு கொடுக்கிறேன்" என்று சுவார்ட்ஸ் சொல்லி அனுப்பினார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. கொஞ்ச நாளில் 80,000 கலம் அரிசி கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்து, மேற்கொண்டு சிறு வெகுமதியும் கொடுத்து அனுப்பினார்.

சகோதரிகளே, அந்த மாட்டுக்காரர்களை யோசித்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. சுவார்ட்ஸின் வேதபுத்தகத்தை அவர்கள் படித்ததில்லை. அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ‘இந்த மனிதர் சொன்னால் செய்வார்’ என்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மனம் திரும்பியதற்குப் பதிவேடு எங்கே என்று கேட்டோமே? அந்த மாட்டுக்காரர்களின் மனசில் இருந்தது அந்தப் பதிவேடு. நாட்டியப் பெண்ணுக்குச் சுவார்ட்ஸ் சொன்ன பதிலும் அதுதான்.

1798 பிப்ரவரி 13-ந் தேதி சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் காலமானார். அவரால் வளர்க்கப்பட்ட சரபோஜி இளவரசர் வந்து கண்ணீர் விட்டு அழுதார். பின்பு, அரசரானதும், பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்து மாதாகோவிலில் வைத்தார். தஞ்சைக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். சரபோஜி கடைசிவரை ஹிந்துவாகவே இருந்தார். சுவார்ட்ஸின் அன்பு அவர் மதம் மாறினால்தான் என்று காத்திருக்கவில்லை. சரபோஜியின் நன்றியும் மதம் மாறித்தான் வரவேண்டும் என்று இருக்கவில்லை.

★

சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுப்பதில் அவசரக்காரர் அல்ல. இதற்குக் குளோரிந்தா அம்மாளின் கதை சாட்சி. பிராமண குலத்தில் பிறந்து, இளம் வயதில் விதவையான பெண் அவள். லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் பட்டாள அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்தாள். உடன்கட்டை ஏறுவதிலிருந்து அவர்தான் அவளைக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவரிடம் ஆங்கிலம் கற்றாள். கிறிஸ்தவ மதத்தைப் பற்றியும் கற்றாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸிடம் கேட்டாள். இருவரும் முறைப்படி மணந்துகொள்ளாமல் வாழ்வதால் கொடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் நம் பெண்களுக்கு ஒரு கேள்வி எழும். எழ வேண்டியதுதான். அந்த அதிகாரி பிறப்பிலேயே கிறிஸ்தவர். அவருடைய ஞானஸ்நானம் தொட்டிலிலேயே முடிந்துவிட்டது. குற்றம் என்றால் இருவருக்கும் பொது. ஆனால் வாசலில் காத்து நின்றவள் அவள் ஒருத்திதான்! உள்ளே இருப்பவனுக்கு வாயால் சொன்னதே போதும். வெளியே இருப்பவளுக்கு மட்டும் வாழ்க்கையால் நிரூபிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? பெயரளவுக் கிறிஸ்தவத்தின் பெரிய சங்கடமே இதுதான். பிறந்த வீட்டுச் சீதனம் மாதிரி மதத்தை வாங்கிக்கொண்டவனை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த அம்மாள் மனம் சலித்துத் திரும்பிப் போய்விடவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல், பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் அந்த ஊர்ச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள். முதல் பெயர் குளோரிந்தா. அவள் முன்னின்று கட்டிய கோவிலைச் சுவார்ட்ஸ் 1785-ல் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே சொன்னார்கள். அ. மாதவையா 1915-ல் அவளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். ஞானஸ்நானத்துக்கு வெகு முன்பே அவள் மனம் திரும்பிவிட்டது. தண்ணீர்தான் தாமதமாக வந்தது.

பஞ்ச காலத்தில் சபையில் சேர்ந்தவர்களைச் ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்று ஏளனம் செய்வது ஒரு வழக்கமாக இருந்தது. நாலு நாள் பட்டினி கிடந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த தாயைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு உரிமை உண்டு? பசிக்காகப் பக்தி பேசுகிறவளை மன்னிக்கலாம். வயிறு நிறைந்த பிறகு பதவிக்காகவும் பெருமைக்காகவும் பேசுகிறவரை என்ன செய்வது?

★

இத்தனை சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் அது நியாயமாகாது. சுவார்ட்ஸ் காலத்துக் கோவில்களில் ஜனங்கள் சாதி சாதியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்துப் பாதிரிமார்கள், நாளடைவில் சரியாகிவிடும் என்று விட்டுவைத்தார்கள். நாளடைவில் அது சரியாகவில்லை, இறுகிப் போயிற்று.

1826-ல் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வந்தார். சபைகளில் இருந்த சாதித் தகராறுகளை அவர் விசாரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஏப்ரல் 3-ந் தேதி காலையில் கோட்டைக் கோவிலில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் என்னும் சடங்கைச் செய்துவைத்தார். குழந்தைப் பருவத்தில் ஞானப் பெற்றோர் தன் சார்பில் கொடுத்த வாக்கை, வளர்ந்த பிறகு தானே தன் வாயால் ஏற்றுக்கொள்ளும் சடங்கு அது. அன்றைக்கே, குளிக்கப் போன இடத்தில், நீரில் மூழ்கி இறந்துபோனார். திருச்சி யோவான் ஆலயத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அவர் பெயரால் ஒரு கல்லூரியும் இந்த ஊரில் நடக்கிறது.

அவருக்குப் பின் வந்த பிஷப் டேனியல் வில்ஸன், 1833-ல் ஒரு கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கட்டளை. சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் பெரிய கிளர்ச்சி. எத்தனையோ குடும்பங்கள் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டன. யோசித்துப் பாருங்கள்! பழைய தெய்வங்களை விடச் சொன்னபோது விட்டார்கள், பெயரை மாற்றச் சொன்னபோது மாற்றினார்கள், நெற்றிக்குறியை அழித்தார்கள். பக்கத்து இருக்கையில் இன்னாரை உட்கார விடுங்கள் என்றபோது மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். மதம் மாறியிருந்தது. மனம் திரும்பவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதியின் பேரால் இரண்டாகப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி இந்த நூற்றாண்டிலேகூடப் பத்திரிகைகள் எழுதின. சுவரை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்தன. ஒரே வேதபுத்தகம், ஒரே ஜபம், ஒரே சிலுவை. மண்ணுக்குள் போன பிறகும் நடுவே ஒரு சுவர்! கிண்ணத்தின் உட்புறம் என்று இயேசுநாதர் சொன்னது இதைத்தானோ?

★

கிறிஸ்தவர்களைப் பற்றித்தானே பேச்சு என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தில், இந்தப் பாடத்தை ராமாநுஜர் தம் சீடர்களுக்கே நடத்தியதாக வைஷ்ணவப் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். உறங்காவில்லிதாசர் உறையூரில் மல்லர். மேல் சாதியில் பிறந்தவர் அல்ல. அவரும் அவர் மனைவி பொன்னாச்சியும் ராமாநுஜரின் சீடர்கள் ஆனார்கள். காவேரியில் ஸ்நானம் செய்துவிட்டுக் கரையேறும்போது ராமாநுஜர் இந்த மல்லரின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். ஆசாரம் மிகுந்த சீடர்களுக்கு இது பொறுக்கவில்லை.

ஒரு ராத்திரி ராமாநுஜர், கொடியில் உலர்ந்த அவர்களுடைய வேஷ்டிகளில் கொஞ்சம் கொஞ்சம் கிழித்து வைக்கச் செய்தார். பொழுது விடிந்ததும் மடத்தில் ஒரே கூச்சல். ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். முழ வேஷ்டிகூட இல்லை, அதன் ஓரம்! மறுபடி ஒரு ராத்திரி, பொன்னாச்சியின் நகைகளைத் திருடி வரும்படி அதே சீடர்களை அனுப்பினார். தூங்கிக்கொண்டிருந்த பொன்னாச்சியின் ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் கழற்றினார்கள். விழித்துக்கொண்ட அவள், பாகவதர்களுக்கு ஏதோ கஷ்டம் போலும் என்று எண்ணி, மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். அவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். விஷயம் தெரிந்த கணவர், "ஏன் புரண்டாய்? பேசாமல் கிடந்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருப்பார்களே!" என்று வருத்தப்பட்டாராம்.

எந்தக் கை பிடிக்கத் தகுந்த கை என்பது சீடர்களுக்கு அப்போது விளங்கியது. நெற்றியில் திருமண் இருவருக்கும் இருந்தது. கிழிந்த வேஷ்டியும் களவு போன நகையும்தான் எது உள்ளே இருந்தது என்று காட்டின. உறங்காவில்லியும் சுவார்ட்ஸும் வெவ்வேறு காலம், வெவ்வேறு தெய்வம். ஆனாலும் பணமும் பொருளும் கைமாறுகிற இடத்தில் இருவரும் ஒரே மாதிரி நின்றார்கள்.

★

"அப்படியானால் கோவிலுக்குப் போவதும் ஜபம் செய்வதும் வீணா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. ஈயம் பூச வேண்டும் என்பதற்காகப் பாத்திரத்தைத் தூக்கி எறிகிறோமா? சுவார்ட்ஸ் கோவில் கட்டினார், ஜபம் செய்தார், ஞானஸ்நானம் கொடுத்தார். பாத்திரம் வேண்டும். ஆனால் அதற்குள் என்ன வைத்துப் பரிமாறுகிறோம் என்பதே விஷயம்.

மனம் திரும்பியிருக்கிறதா என்பதை அவரவர் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது. பாதிரியாரும் பட்டரும் சொன்னாலும் போதாது. அதற்குச் சாட்சிகள் வேறு. மாதக் கடைசியில் பாக்கி கேட்க வரும் பால்காரர் ஒரு சாட்சி. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்கு எந்தத் தட்டில் சோறு போடுகிறோம், எந்த டம்ளரில் காப்பி கொடுக்கிறோம் என்பது ஒரு சாட்சி. வேற்றுச் சாதிப் பெண் மருமகளாக வந்தால் நம் முகம் எப்படி ஆகிறது என்பது ஒரு சாட்சி. இந்தச் சாட்சிகள் கோவிலுக்குள் வருவதில்லை. ஆனால் கோவிலைப் பற்றி அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குப் போகிறவர்களும், வெள்ளிக்கிழமை ரங்கநாயகித் தாயார் சந்நிதிக்குப் போகிறவர்களும், போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். பால்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்து, அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.